கிட்டார் வாசிக்கத் தெரியாத லியோ ஃபெண்டர்

இருபதாம் நூற்றாண்டில் மின்சாரக் கிட்டாரை உலகெங்கும் பரவச் செய்தவர்களுள் முன்வரிசையில் நிற்பவர் அமெரிக்கரான லியோ ஃபெண்டர். அவர் உருவாக்கிய கிட்டார்களும் ஆம்ப்ளிஃபயர்களும் ஏறாத மேடை இல்லை எனலாம். ஆனால் அவருக்குக் கிட்டார் வாசிக்கத் தெரியாது. வாசிக்க மட்டுமன்று, அதற்குச் சுருதி கூட்டவும் அவர் கற்றுக்கொண்டதில்லை. வாசிக்கத் தெரியாத ஒருவர் வாசிப்போரின் தேவையை எவ்வாறு அறிந்தார் என்பதே அவர் வாழ்வில் நாம் காணவேண்டிய செய்தி.

இவ்வரலாற்றை நாம் எடுத்துக்கொண்டதற்கு வேறொரு காரணமும் உண்டு. நம் மாணவியருள் கிட்டார் பயில்வோர் உள்ளனர். மகளுக்கு மின்சாரக் கிட்டார் வாங்கிக் கொடுத்த பெற்றோர், மறுநாளே ஆம்ப்ளிஃபயர் எது வாங்குவது என்று திகைக்கின்றனர். கடைக்குச் சென்றால், மாடலிங் ஆம்ப்ளிஃபயர் என்னும் கணினி வகைக் கருவிகளை அடுக்கிக் காட்டுகிறார்கள். ஒன்றில் இருபது ஆம்ப்ளிஃபயர்களின் ஒலி அடங்கியிருக்கிறது என்பார் கடைக்காரர். மற்றொன்றில் அதனினும் மிகுதி என்பார். அந்த ஒலிகளுள் முதலில் வைக்கப்படுபவை பெரும்பாலும் லியோ ஃபெண்டரின் பட்டறையில் பிறந்தவை. அவை எதற்காகப் பிறந்தன என்று அறிந்தவர்க்குக் கடையில் திகைப்பு சற்றுக் குறையும் அல்லவா?

லியோ 1909-ஆம் ஆண்டு ஆகஸ்டு 10-ஆம் நாள் கலிபோர்னியா மாநிலத்தில் பிறந்தார். அனஹைம், ஃபுல்லர்டன் என்ற இரண்டு ஊர்களுக்கு அருகே அவருடைய பெற்றோர் ஆரஞ்சுத் தோட்டம் வைத்திருந்தனர். எட்டு வயதில் சிறுவனின் இடக்கண்ணில் ஒரு கட்டி தோன்றியது. மருத்துவர்கள் அக்கண்ணையே எடுத்துவிட நேர்ந்தது. அதன் இடத்தில் கண்ணாடிக் கண் ஒன்றைப் பொருத்தினர். வாழ்நாள் முழுவதும் ஒற்றைக் கண்ணுடனேயே அவர் நுண்ணிய கம்பிகளைப் பற்றவைத்தார் என்பதை நாம் மறத்தலாகாது.

பதினான்கு வயதளவில் உறவினர் ஒருவர் அவருக்கு ஒரு பெட்டி நிறையப் பழைய வானொலி உறுப்புகளையும் ஒரு பேட்டரியையும் அனுப்பி வைத்தார். அவ்வுறவினர் சாண்டா மரியா என்ற ஊரில் மோட்டார் வண்டிகளுக்கு மின்வேலை செய்யும் கடை நடத்தியவர். பின்னர் லியோ அங்குச் சென்றபோது, உதிரி உறுப்புகளைக் கொண்டே அவர் செய்த வானொலிப் பெட்டி ஒன்று கடை முகப்பில் முழங்கிக்கொண்டிருந்தது. அந்த ஓசை சிறுவனின் மனத்தில் பதிந்துவிட்டது. ஊர் திரும்பியதும் வீட்டிலேயே ஒரு மூலையில் வானொலி பழுது பார்க்கத் தொடங்கினார். சிறுவயதில் பியானோவும் சாக்ஸபோனும் சிறிது பயின்றதுண்டு. ஆயினும் இசையைவிட இசை வெளிவரும் பெட்டியே அவரை ஈர்த்தது.

கல்லூரியில் அவர் படித்தது கணக்கியல். மின்னணுவியலை எந்த வகுப்பிலும் அமர்ந்து கற்றவரல்லர். பனிக்கட்டி நிறுவனம் ஒன்றில் சரக்கு கொண்டுசெல்லும் வேலையும், பிறகு கணக்கெழுதும் வேலையும் பார்த்தார். அந்நாட்களில் நடன நிகழ்ச்சிகள் நடத்தும் இசைக்குழுத் தலைவர் ஒருவர் கேட்க, நாம் மைக் செட் என்று சொல்லும் கருவிகள் ஆறு செய்துகொடுத்தார். 1934-இல் எஸ்தர் என்ற மங்கையை மணந்தார். நெடுஞ்சாலைத் துறையில் கணக்கர் வேலை கிடைத்தது. பொருளாதார மந்தம் அதைப் பறித்தது. டயர் நிறுவனத்தில் சேர்ந்தார். ஆறு திங்களில் அதுவும் போயிற்று. கையில் வேலை இல்லை, குடும்பம் இருக்கிறது. 1938-இல் 600 டாலர் கடன் வாங்கி ஃபுல்லர்டனில் ஒரு ரேடியோ பழுதுபார்க்கும் கடையைத் திறந்தார்.

இந்தக் கடையே அவருக்குப் பல்கலைக்கழகம். இசைக்கலைஞர்கள் பழுதான ஆம்ப்ளிஃபயர்களைச் சுமந்துகொண்டு அங்கே வந்தனர். எந்த உறுப்பு முதலில் கெடுகிறது, எந்த இணைப்பு வண்டியின் அதிர்ச்சியில் விட்டுப்போகிறது, எந்தப் பெட்டியின் மூலை உடைகிறது என்பதையெல்லாம் நாள்தோறும் கண்டார். கண்டதைக் கணக்கரின் ஒழுங்குடன் மனத்தில் குறித்துக்கொண்டார். பின்னாளில் தாமே ஆம்ப்ளிஃபயர் செய்தபோது, பின்பலகையைக் கழற்றினால் உள்ளுறுப்புகள் எளிதில் கைக்கு எட்டுமாறு அமைத்தார். ஊர் ஊராகச் செல்லும் கலைஞர், எந்த ஊரிலும் ஒரு ரேடியோ ரிப்பேர்க்காரரிடம் கொடுத்துச் சரிசெய்துகொள்ளலாம். அவர் செய்த கருவிகள் எழுபது ஆண்டுகள் கடந்தும் இன்றும் வேலை செய்வதற்கு இதுவே காரணம் என்பது நம் கருத்து.

மின்சாரக் கிட்டாரின் தத்துவத்தை இளைய மாணவியருக்காக இங்கே சொல்லிவிடுவோம். கிட்டாரின் எஃகுத் தந்திகளுக்கு அடியில் காந்தமும், அதைச் சுற்றி மயிரிழை போன்ற செம்புக் கம்பிச் சுருளும் உள்ளன. இதற்குப் பிக்கப் என்று பெயர். தந்தி அதிரும்போது சுருளில் மிகச் சிறிய மின்னோட்டம் எழுகிறது. அது காதுக்குக் கேட்காது. அதனைப் பெருக்கி ஸ்பீக்கரை அசைக்கும் கருவியே ஆம்ப்ளிஃபயர். ஆகவே மின்சாரக் கிட்டார் என்பது உண்மையில் இரு பாதிகள் சேர்ந்த ஒரே கருவி.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் டாக் காஃப்மன் என்ற நண்பர் லியோவுக்கு வாய்த்தார். மடியில் வைத்து வாசிக்கும் ஸ்டீல் கிட்டாரில் தேர்ந்த அவர், கருவிகள் கண்டுபிடிப்பதிலும் வல்லவர். இருவரும் கூட்டாகத் தொழில் தொடங்கி 1945-இல் ஸ்டீல் கிட்டார்களும் ஆம்ப்ளிஃபயர்களும் செய்தனர். தொழில் வளர்ந்தால் கடனும் வளருமே என்று நண்பர் அஞ்சினார், 1946-இல் விலகிக்கொண்டார். நட்பு விலகவில்லை. லியோ தம் பெயரிலேயே நிறுவனத்தை நடத்தினார்.

பின்வந்த இருபது ஆண்டுகளில் அந்தச் சிற்றூர்ப் பட்டறையிலிருந்து வெளிவந்தவற்றை ஒவ்வொன்றாக விளக்க இடமில்லை. 1950-இல் வெளிவந்து மறு ஆண்டு டெலிகாஸ்டர் என்று பெயர் மாற்றம் பெற்ற கிட்டார். ஆளுயர பேஸ் வாத்தியத்தைத் தோளில் மாட்டும் கருவியாகச் சுருக்கிய 1951-ஆம் ஆண்டு பிரிசிஷன் பேஸ். 1954-இல் வந்த ஸ்ட்ராட்டோகாஸ்டர். டெலிகாஸ்டரின் கழுத்துப் பகுதியை நான்கு திருகாணிகளால் பொருத்தினார். தேய்ந்தால் கழற்றி வேறொன்று மாட்டலாம். கிட்டார் செய்யும் பழைய கைவினைஞர்களுக்கு இது வேடிக்கையாகத் தோன்றியது. பழுதுபார்த்த கைக்கு அது இயல்பு.

இவற்றைச் செய்த கைகள் யாருடையவை? பெருமளவில் பெண்களுடையவை. மெக்சிக வழிவந்த மகளிர் பலர் அந்தத் தொழிற்சாலையில் பணிபுரிந்தனர். ஆம்ப்ளிஃபயரின் உட்கம்பிகளைப் பற்றவைத்து முடித்ததும், அப்பெண் ஒரு சிறு ஒட்டுத்தாளில் தன் பெயரை எழுதி உள்ளே ஒட்டிவிடுவாள். இன்று பழைய ஆம்ப்ளிஃபயரைத் திறந்து பார்ப்பவர்கள் அந்தக் கையெழுத்தைக் கண்டு மகிழ்கின்றனர். 1956-இல் பணியில் சேர்ந்த அபிகைல் இபாரா என்ற பெண்மணி பிக்கப் சுருள்களைச் சுற்றுவதில் பெற்ற தேர்ச்சியால் பின்னாளில் தம் பெயராலேயே புகழ்பெற்றார். கிட்டார் ஆண்பிள்ளைகளின் கருவி என்று சொல்வோர் இன்னும் இருந்தால், அவர்களுக்கு இச்செய்தியைச் சொல்லி வைக்கலாம்.

இனி ஆம்ப்ளிஃபயர்களைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். 1948-இல் தொடங்கிப் பின் சாம்ப் என்று அழைக்கப்பட்டது மிகச் சிறியது. பயிற்சி பெறும் மாணவர்களுக்கென்றே செய்யப்பட்டது. எட்டு அங்குல ஸ்பீக்கர், ஏறக்குறைய 5 வாட் ஆற்றல், ஒலியைக் கூட்டக் குறைக்க ஒரே ஒரு குமிழ். 1952-இல் பேஸ் வாத்தியத்துக்கென வந்தது பேஸ்மன். கிட்டார் கலைஞர்கள் அதைத் தமக்கென எடுத்துக்கொண்டனர். இலண்டனில் டிரம் கடை வைத்திருந்த ஜிம் மார்ஷல் என்பவரும் அவருடைய உதவியாளர்களும் 1962 அளவில் பேஸ்மன் மின்சுற்றைப் பின்பற்றியே தம் முதல் ஆம்ப்ளிஃபயரைச் செய்தனர். ராக் இசையின் பேரோசைக்கு மறுபெயரான மார்ஷல் ஆம்ப்ளிஃபயரும் இவ்வாறு ஃபெண்டர் வீட்டுப் பேரப்பிள்ளையே. 1963-இல் டீலக்ஸ் ரிவெர்ப், ட்வின் ரிவெர்ப் என்பவை வந்தன. முன்னது 22 வாட். பின்னது பெரிய அரங்குக்கு உரியது. சுருள்வில் வழியே ஒலியைச் செலுத்தி, உயர்ந்த மண்டபத்தில் பாடுவது போன்ற எதிரொலியை அவை தந்தன.

இங்கே ஒரு விந்தை உண்டு. லியோ விரும்பியது தெளிந்த ஒலி. தந்தியின் நாதம் சிறிதும் கலங்காமல் வெளிவரவேண்டும் என்று ஆண்டுக்கு ஆண்டு மின்சுற்றைத் திருத்திக்கொண்டே வந்தார். ஆனால் அன்றைய ஆம்ப்ளிஃபயர்கள் வால்வினால் இயங்கியவை. ஒலியை முழுவதும் கூட்டினால் வால்வு திணறும், நாதம் கரகரக்கும். லியோவுக்கு அது குறை. இளைஞர்களுக்கோ அதுவே அழகாகப்பட்டது! ப்ளூஸ் கலைஞர்களும் ராக் கலைஞர்களும் அந்தக் கரகரப்பைத் தேடியே குமிழைக் கடைசிவரை திருப்பினர். அவர் நீக்க முயன்ற குறையை, இன்று பொறியாளர்கள் கணினியைக் கொண்டு அணுஅணுவாகப் போலி செய்கின்றனர்.

மாடலிங் ஆம்ப்ளிஃபயர் என்பது இதுதான். கிட்டாரிலிருந்து வரும் மின்னோட்டத்தை எண்களாக மாற்றி, இன்ன வால்வும் இன்ன ஸ்பீக்கரும் இருந்தால் அது எவ்வாறு மாறும் என்று கணக்கிட்டு ஒலிக்கச் செய்வது. லைன் 6 என்ற நிறுவனம் 1996-இல் இத்தகைய ஆம்ப்ளிஃபயரை முதலில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஃபெண்டர் நிறுவனமே 2001-இல் இத்துறையில் இறங்கியது. 2019-இல் தன் பழைய டீலக்ஸ் ரிவெர்ப்பையே வால்வு இல்லாமல் கணினி முறையில் செய்து வெளியிட்டது. எடை ஏறக்குறைய பாதியாயிற்று.

வீட்டில் பயில்வோர்க்கு இதனால் என்ன நன்மை? வால்வு ஆம்ப்ளிஃபயரின் கரகரப்பு வேண்டுமானால் உரக்க வாசித்தாக வேண்டும். 5 வாட் தானே என்று எண்ணிவிடக் கூடாது. ஆற்றல் பத்து மடங்கானால்தான் நம் காதுக்கு ஒலி இரண்டு மடங்காகத் தோன்றும் என்பது அறிவியல். எனவே 50 வாட் கருவியின் பாதி ஓசையை 5 வாட் கருவி எழுப்பிவிடும். அடுக்குமாடிக் குடியிருப்பில் பக்கத்து வீட்டுக் குழந்தை விழித்துக்கொள்ள அது போதும். மாடலிங் கருவியோ அதே நாதத்தை மெல்லிய ஒலியிலும் தரும். ஹெட்போன் மாட்டினால் வாசிப்பவர்க்கு மட்டுமே கேட்கும். தேர்வு நாட்களில் அண்ணனும் தம்பியும் படிக்கும் வீட்டில், ஒரு பெண் கிட்டாரைத் தொடலாமா கூடாதா என்பதை இச்சிறு துளையே முடிவு செய்யும். ஆகவே ஹெட்போன் துளை இல்லாத கருவியை, விலை எவ்வளவு மலிவாயினும், வீட்டுக்கு வாங்கவேண்டாம் என்போம்.

கடையில் திரையைத் திருப்பும்போது ட்வீட் என்றொரு பெயரும், பிளாக்ஃபேஸ் என்றொரு பெயரும் தோன்றும். இவை புதிர்கள் அல்ல. ட்வீட் என்பது 1950-களில் லியோ தம் பெட்டிகளுக்குப் போர்த்திய துணியைக் குறிப்பது. பேஸ்மன், சாம்ப் இரண்டின் அந்நாளைய ஒலி, எளிதில் கரகரக்கும் ஒலி. பிளாக்ஃபேஸ் என்பது 1963-க்குப் பின் வந்த கறுப்பு முகப்புப் பலகை. தெளிந்த, மணி போன்ற ஒலி. பயிலத் தொடங்கும் மாணவி முதலில் இத்தெளிந்த ஒலியில் வாசித்துப் பார்க்கட்டும். அதில் இனிமையாக ஒலித்தால் கருவி நல்லது. கரகரப்பில் எல்லாக் கருவியும் நன்றாகவே இருப்பதுபோல் தோன்றும். வாசிப்பின் பிழையும் அதில் ஒளிந்துகொள்ளும். சோதிக்கும்போது கடைக்காரர் வாசித்துக் காட்டுவதைக் கேட்டு மயங்காமல், தன் கிட்டாரை எடுத்துச் சென்று, தான் அறிந்த பாட்டை, வீட்டில் வைக்கும் அளவு ஒலியிலேயே வைத்துக் கேட்பது முறை. நூறு ஒலிகளில் பெரும்பாலானவர் நாள்தோறும் பயன்படுத்துவது மூன்றோ நான்கோதான். குமிழைக் கையால் திருப்பி அவற்றைப் பெற முடிகிறதா, அல்லது ஒவ்வொரு முறையும் கைப்பேசியைத் தேடவேண்டியிருக்கிறதா என்று பெற்றோர் கவனிக்கவேண்டும். ஆற்றல் மிகுந்ததே நல்லது என்று பணத்தை அதில் கொட்டவேண்டிய தேவை இல்லை. அந்தத் தொகையில் நல்ல ஆசிரியரிடம் சில மாதம் பயிலலாம்.

அமெரிக்காவிலிருந்து உறவினர் கொண்டுவரும் கருவியாயின் பின்புறத் தகட்டைப் படித்துவிட்டே மின்சாரத்தில் செருகுக. அங்கே 120 வோல்ட், இங்கே 230. மற்றொன்று: பாடகர் குழுவில் நாம் மிகுதியும் காணும் மரக்கிட்டாருக்கு இக்கருவி பொருந்தாது. அதில் பிக்கப் இருந்தாலும், மின்சாரக் கிட்டாருக்கான ஸ்பீக்கர் உயர்ந்த நாதங்களை மழுக்கிவிடும். மரக்கிட்டாருக்கெனத் தனி ஆம்ப்ளிஃபயர் உண்டு. சில மாடலிங் கருவிகளில் அதற்கெனத் தனி ஒலியும் வைத்திருக்கிறார்கள்.

லியோ தாமே கருவியைச் சோதித்த முறையும் ஏறக்குறைய இதுதான். வாசிக்கத் தெரியாததால் அவர் பிறர் வாசிப்பதைக் கேட்டார். புதிய கருவியைக் கலைஞர்களிடம் கொடுத்தனுப்பி, மேடையில் அது படும் பாட்டைக் கவனித்தார். டிக் டேல் என்ற இளைஞர் வாசித்த வேகத்துக்கும் ஓசைக்கும் ஈடுகொடுக்க முடியாமல் ஆம்ப்ளிஃபயர்கள் ஒன்றன்பின் ஒன்றாக எரிந்தன. மற்றொருவராயின் அவரைக் கடைப்பக்கம் வரவேண்டாம் என்றிருப்பார். லியோ அவர் வாசிக்கும் நடன அரங்குக்கே சென்று கேட்டார். அதன் விளைவாக 1960-இல் ஷோமன் என்ற வலிய ஆம்ப்ளிஃபயர் பிறந்தது.

இவ்வளவு வளர்ந்த நிறுவனத்தை அவர் 1965-ஆம் ஆண்டு சனவரியில் விற்றுவிட்டார் என்பது பலருக்கு வியப்பளிக்கும். நெடுநாளாக அவரை ஒரு தொற்றுநோய் வாட்டியது. எந்த மருந்துக்கும் அது அடங்கவில்லை. தமக்கு இன்னும் சில காலமே உள்ளது என்று நம்பினார். தம்மை நம்பியிருந்த நூற்றுக்கணக்கான தொழிலாளரையும் நிறுவனத்தையும் ஒரு வலிய கையில் ஒப்படைக்க எண்ணி, சி.பி.எஸ். நிறுவனத்துக்கு ஒரு கோடியே 30 இலட்சம் டாலருக்கு விற்றார். விற்ற சில ஆண்டுகளில் வேறொரு மருத்துவரிடம் சென்றார். நோய் முற்றிலும் நீங்கிற்று! உடல் நலம் திரும்பியது, நிறுவனம் திரும்பவில்லை. ஃபெண்டர் என்ற தம் பெயரையே தாம் செய்யும் கிட்டாரில் பொறிக்கும் உரிமை அவருக்கு இல்லாமற் போயிற்று. விற்ற பின் வந்த கருவிகளின் தரம் தாழ்ந்தது என்று கலைஞர்கள் குறைகூறினர். அதைக் கேட்டுக்கொண்டு அவர் அதே ஊரில் வாழவேண்டியிருந்தது.

அவர் குறைகூறித் திரியவில்லை. 1970-களில் மியூசிக் மேன் என்ற நிறுவனத்துக்காகக் கருவிகள் வடித்தார். 1976-இல் வந்த ஸ்டிங்ரே என்ற பேஸ் இன்றும் விரும்பப்படுகிறது. 1979-இல் மனைவி எஸ்தர் நோயால் மறைந்தார். அதன்பின் பழைய தோழர் ஜார்ஜ் ஃபுல்லர்டனுடன் சேர்ந்து ஜி அண்டு எல் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். கிட்டாரில் தம் பெயரை எழுத முடியாதவரின் தொழிற்சாலை, ஃபெண்டர் அவென்யூ என்று அவர் பெயர் தாங்கிய தெருவிலேயே இருந்தது. 1980-இல் ஃபிலிஸ் என்ற பெண்மணியை மறுமணம் செய்துகொண்டார். ஃபெண்டர் நிறுவனத்தையோ 1985-இல் அதன் அலுவலர்களே சி.பி.எஸ்.ஸிடமிருந்து மீட்டுக்கொண்டனர்.

இறுதி ஆண்டுகளில் பார்கின்சன் நோய் அவரைப் பற்றியது. கை நடுங்கியபோதும் பட்டறைக்கு வருவதை அவர் நிறுத்தவில்லை. 1991-ஆம் ஆண்டு மார்ச்சு 21-ஆம் நாள், தமது 81-ஆம் வயதில், லியோ ஃபெண்டர் காலமானார். அதற்கு முந்தைய நாளும் அவர் தம் மேசையருகே அமர்ந்து வேலை பார்த்துவிட்டே வீட்டுக்குச் சென்றிருந்தார்.